துக்கத்துக்கு ஐந்தில் இரண்டு

ஆபிரிக்காவுக்குப் போக விரும்புகிறவர்கள் முதலில் டென்மார்க்கில் மேற்கு யூட்லாந்துக்குப் போக வேண்டும். இது பூமிசாஸ்திரம் அல்ல, நிர்வாகம். 'முடிவிலாப் பாலங்கள்' என்ற தொண்டு நிறுவனம் அங்கே ஒரு பழைய பன்றிப் பண்ணையை வாங்கி, அதற்குள் ஓர் ஆபிரிக்கக் கிராமத்தைக் கட்டி வைத்திருந்தது. தொண்டர்களாகப் போகிறவர்கள் அந்தக் கிராமத்தில் மூன்று மாதம் பழகித் தேறினால்தான் மற்ற ஆபிரிக்காவுக்கு அனுப்பப்படுவார்கள். எந்த நாட்டுக் கிராமம் என்று கேட்கக் கூடாது. ஆபிரிக்கா ஒரு நாடு அல்ல என்று முதல் நாள் காலையில் நீண்ட விரிவுரை நடக்கும். அது முடிந்ததும், எந்த நாட்டிலும் இல்லாத அந்தக் கிராமத்துக்கு எல்லாரையும் கூட்டிக்கொண்டு போவார்கள்.

கிராமத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. குடிசைகளுக்குக் கூரை வேய்ந்தவர், மேற்குக் கரையில் பணக்காரரின் கோடைவீடுகளுக்குக் கூரை வேய்கிற அதே ஆள். களிமண் தரைக்குக் கீழே சூடாக்கும் குழாய் ஓடியது, வேலைத்தலப் பாதுகாப்புச் சட்டம் அப்படி. அடுப்பில் நெருப்பு மூட்டக் காப்புறுதிக்காரர் விடவில்லை. ஆகவே அடுப்புக்குள் ஒரு யந்திரம் இருந்து புகையை மட்டும் விட்டது. குழாய்க்கிணற்றை மூச்சு வாங்க அடித்தால் நகரசபைத் தண்ணீர் வந்தது. ஒலிபெருக்கியில் சில்வண்டுகள் கத்தும். கோப்பி நேரத்தில் அவற்றுக்கும் ஓய்வு.

ஒரேயொரு குறை, கிராமத்தில் சனம் இல்லை. முன்பெல்லாம் அயலூர் ஓய்வுபெற்ற ஆசிரியைகள் முகத்தில் மண்ணிறம் பூசிக்கொண்டு வந்து கிராமத்தவராக நடித்தார்கள். அது மனிதரை அவமதிக்கும் செயல் என்று நிறுவனத்தின் நெறிமுறைக் குழு கண்டுபிடித்தது. கண்டுபிடிக்க இரண்டு வருடமும் ஓர் ஆலோசகரும் வேண்டியிருந்தது. அதன்பின் அந்தக் கிராமம் மழை பொய்த்த ஊர்போல வெறிச்சோடிக் கிடந்தது.

இந்தச் சமயத்தில்தான் யசிந்தா அங்கே போய்ச் சேர்ந்தாள்.

யசிந்தா மன்னார் பேசாலைக்காரி. ஹேர்னிங் நகரில் வயோதிபர் இல்லமொன்றில் இருபது வருடத்துக்கு மேலாக வேலை செய்கிறவள். டெனிஷ்காரரின் சாவை அவளளவுக்குக் கிட்ட நின்று பார்த்த டெனிஷ்காரர் குறைவு. சீவன் போனதும் யன்னலைத் திறந்துவிட வேண்டும் என்பது அந்த இல்லத்து வழக்கம், ஆத்மா வெளியே போகட்டும் என்று. எத்தனையோ கிழவர்களுக்கும் கிழவிகளுக்கும் அவள் யன்னல் திறந்துவிட்டிருக்கிறாள். பனிக்காலத்தில் ஆத்மா போவதற்கு நேரமெடுத்தால் சால்வையைப் போர்த்துக்கொண்டு நிற்பாள்.

அவளுக்கு ஆபிரிக்காவுக்குப் போக ஒரே ஒரு காரணம் இருந்தது. யுத்தகாலத்தில், மடு மாதா கோயில் காட்டில் அகதியாகக் கிடந்தபோது, ஒன்பது மாதத்து ஆண்பிள்ளை ஒன்று அவள் மடியில் காய்ச்சலில் செத்தது. அவளுடைய மூத்த பிள்ளை. பெயரை நான் சொல்லவில்லை. அந்த வீட்டிலேயே அந்தப் பெயரை ஒருவரும் சொல்வதில்லை, நான் ஏன் முந்திக்கொள்ள வேண்டும்? மருந்து வந்து சேரவில்லை. வந்தது ஒரு வெள்ளைக்காரிதான். வெயிலில் மூக்குத் தோல் உரிந்த, நெடிய பெண். எந்த நாட்டுக்காரி, எந்த அமைப்பு என்று யசிந்தாவுக்கு இன்றைக்கும் தெரியாது. அவள் தண்ணீர் சுட வைத்தாள். பிள்ளையைக் கழுவி, தலையை வாரி இழுத்து, தன்னுடைய துவாயால் சுற்றிக் கொடுத்தாள். பிறகு யசிந்தாவுக்குப் பக்கத்தில் மண்ணில் குந்தி, பொழுது சாயும்வரை இருந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அவ்வளவுதான் அவள் செய்த தொண்டு. அந்த இருப்பு இல்லாவிட்டால் தான் எழும்பியே இருக்கமாட்டேன் என்று யசிந்தா நம்பினாள். என்றைக்காவது ஒருநாள் தானும் அப்படி ஒருத்திக்குப் பக்கத்தில் போய் இருக்க வேண்டும், அந்தக் கடனை அங்கேதான் இறக்கி வைக்க வேண்டும் என்று நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டே டென்மார்க்கில் இத்தனை காலமும் ஓடினாள்.

ஐம்பத்தேழாவது வயதில் இல்லத்தில் ஒரு வருட லீவு கேட்டாள். மகள் ஜெனுஷாதான் கணினியில் விண்ணப்பத்தை நிரப்பினாள். ஜெனுஷா ஹேர்னிங்கில் பிறந்தவள். தாய் தமிழில் கேட்டால் டெனிஷில் பதில் சொல்கிற சாதி. தனக்கு முன் ஓர் அண்ணன் இருந்தான் என்பதற்கு மேல் அவளுக்கு ஒன்றும் தெரியாது.

"ஏனம்மா ஆபிரிக்கா? வெயில்தான் வேண்டுமென்றால் கனாரித் தீவுக்குப் போங்களேன்" என்றாள் டெனிஷில்.

"அங்க எனக்கு ஆர் இருக்கினம்?"

"ஆபிரிக்காவில் மட்டும் யார் இருக்கிறார்கள்?"

"ஒருத்தி இருப்பாள்" என்றாள் யசிந்தா.

புருஷன் பேனாட்டிடம் சொன்னபோது அவர் கோப்பைக்குள் பார்த்தபடி, "போய் வாரும், நான் மறிக்கேல்லை" என்றார். சொல்லிவிட்டு, காருக்கு டயர்ச் சில்லு மாற்ற வேண்டும் என்று கராஜுக்குப் போனார். பேனாட்டுக்கு அது ஒரு வியாதி. டென்மார்க்கில் ஊர் உலகமெல்லாம் பனிக்காலத்துக்கு ஒருமுறை, வெயில் காலத்துக்கு ஒருமுறை சில்லு மாற்றும். பேனாட் கிழமைக்கு இரண்டு முறை மாற்றுவார். கேட்டால் நட்டு இளகிவிட்டது என்பார்.

நேர்முகத் தேர்வை நடத்தியவர் நிறுவனத்தின் இயக்குநர் டோர்பென். கம்பளிச் சட்டையும் கனிந்த குரலும் உடையவர். அவர் யாருக்கும் மறுப்புச் சொன்னதில்லை என்பார்கள். கேட்டவர்தான் வெளியே வந்து யோசித்துப் பார்க்கும்போது மறுக்கப்பட்டிருப்பதை அறிவார்.

"அங்கே போய் என்ன செய்ய விரும்புகிறீர்கள், யசிந்தா?"

"பக்கத்தில் இருக்கப் போகிறேன்."

"அருமை" என்று டோர்பென் கண்ணை மூடினார். "நிலைத்திருக்கும் பிரசன்னம். எங்கள் புதிய ஐந்தாண்டுத் திட்டத்தில் இதற்கு ஒரு முழு அத்தியாயம் இருக்கிறது." அண்மையில் நெருங்கிய எவரையாவது இழந்தீர்களா என்று கேட்டார். முப்பது வருடத்துக்கு மேற்பட்டது அண்மை ஆகாது என்று எண்ணி யசிந்தா இல்லை என்றாள். அவளுக்கு அது நேற்றுப்போல இருந்தது வேறு விஷயம். அதை யாரும் கேட்கவில்லை.

பயிற்சி தொடங்கிய நாள் பாட்டோடு தொடங்கியது. பாட்டுக்குப் பிறகு எல்லாரும் வட்டமாக இருந்து, தங்கள் மனம் இப்போது எப்படி இருக்கிறது என்று ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும். பிறகு கேக். பிறகு, கேக்குக்கு முன்னிருந்த மனத்துக்கும் பின்னிருக்கும் மனத்துக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்ல மறுபடி ஒரு வட்டம். அதன்பின் டோர்பென் எழுந்து வரவேற்புரை நிகழ்த்தினார்.

"நண்பர்களே, நாங்கள் நாற்பது வருடமாகப் பாலம் கட்டுகிறோம். அக்கரையைப் பற்றி எங்களிடம் கேட்கிறார்கள். அக்கரை நிச்சயமற்றது. அங்கே ஆட்சி மாறுகிறது, வெள்ளம் வருகிறது, மனிதர்கள் எதிர்பாராத விதமாக நடந்துகொள்கிறார்கள். பாலம் அப்படியல்ல, அது எங்களுடையது. சென்ற வருடம் நாங்கள் அனுப்பிய தொண்டர்கள் அங்கே இருந்த காலத்தைவிட, போகுமுன் இங்கே இருந்த காலம் அதிகம். இதைத்தான் தரம் என்கிறோம்."

எல்லாரும் கைதட்டினார்கள். யசிந்தாவும் தட்டினாள். பத்துப் பேரில் அவள் ஒருத்திதான் வெள்ளையல்லாதவள். அவள் கைதட்டுவதைப் பயிற்சிப் பொறுப்பாளர் ஹெல்லே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி இருந்தது அவர் முகம்.

"யசிந்தா, ஒரு சின்ன உதவி" என்றார் ஹெல்லே. "நீங்கள் பயிற்சிக்கு வந்தவர்தான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் இன்று பின்னேரம் மட்டும் குழாயடியில் குடத்தோடு நிற்க முடியுமா? மற்றவர்கள் உங்களை அணுகிப் பழக வேண்டும்."

யசிந்தா நின்றாள். ஒன்பது பேர் ஒவ்வொருவராக வந்து அவளை அணுகினார்கள். மறுநாள் அவளைச் சந்தைப் பெண்ணாக இருக்கச் சொன்னார்கள். அதற்கடுத்த நாள் மலேரியாக்காரி. பிறகு தண்ணீர்க் குழுத் தலைவி, கையூட்டுக் கேட்கும் குமாஸ்தா, உதவி பெற்றும் நன்றி சொல்லாத பயனாளி என்று வேடங்கள் வந்துகொண்டே இருந்தன. நன்றி சொல்லாதவளாக நடிக்கத்தான் அவளுக்கு மிகவும் சிரமமாக இருந்தது. டெனிஷ்காரன் கதவைப் பிடித்தாலும் 'தக்' என்று நன்றி சொல்லி ஊறிப்போன வாய். மூன்று தரம் வாய்தவறி 'தக்' சொல்லிக் காட்சியைக் கெடுத்தாள்.

கிராமத்தவராக இல்லாத நேரங்களில் அவளும் பாடம் படித்தாள். தரையில் அமர்தல் என்ற பாடத்தை எடுக்க முதுகுவலி நிபுணர் வந்தார். கையால் உண்ணுதல் என்ற பாடத்தில் சுகாதார விதிப்படி எல்லாருக்கும் நீலக் கையுறை கொடுத்தார்கள். ஐம்பத்தேழு வருடமாகக் கையால் தின்றவள் அந்தக் கையுறையோடு சோற்றைப் பிசைய முடியாமல் திண்டாடினாள். திரையில் மூன்று விரல் காட்டியிருக்க அவள் ஐந்து விரலையும் பாவித்ததால் 'பகுதிச் சித்தி', அரைத் தேர்ச்சிதான், கிடைத்தது. அதே பாடத்தில் முழுச் சித்தி பெற்றவள் பிரேயா என்ற ஓகுஸ் நகரத்துப் பெண். இருபத்து நான்கு வயது, உடற்பயிற்சி வைத்தியம் படிப்பவள், எந்த விதியையும் ஒருமுறை கேட்டால் தலைகீழாக ஒப்புவிப்பாள்.

வீட்டுக்கு வரும் சனி ஞாயிறுகளில் பேனாட் கேட்பார்.

"எப்பிடிப் போகுது?"

"பரவாயில்லை. இந்தக் கிழமை என்னை ரெண்டு தரம் காப்பாத்தினவை."

கடைசி மாதத்தில் துக்கத்தை எதிர்கொள்ளல் என்ற பாடம் வந்தது. இதற்காகத்தான் யசிந்தா காத்திருந்தாள். குறிப்பெடுக்கப் பேனையை எடுத்துக்கொண்டு முன்வரிசையில் போய் இருந்தாள். ஹெல்லே ஏழு படிகளை விளக்கினார். வாசலில் நிற்க வேண்டும். வெறுங்கை என்று தெரியும்படி இரண்டு உள்ளங்கைகளையும் காட்ட வேண்டும். பெயர், நிறுவனம், நிதி தருவோர் விபரம் சொல்ல வேண்டும். அனுமதி பெற்று, கை நீட்டினால் எட்டாத தூரத்தில் அமர வேண்டும். 'நீங்கள் கவலையாக இருப்பதை நான் காண்கிறேன்' என்று சொல்ல வேண்டும். ஒன்றிலிருந்து நாற்பதுவரை மனதுக்குள் எண்ணி மௌனம் காக்க வேண்டும். கடைசியாகத் துண்டுப்பிரசுரத்தை வைத்துவிட்டு எழும்ப வேண்டும்.

"நாற்பதுக்கு மேல் இருந்தால் என்ன?" என்று யசிந்தா கேட்டாள்.

"சார்ந்திருத்தல் உருவாகும்" என்றார் ஹெல்லே. பிறகு முகம் மலர்ந்து, "யசிந்தா, தாயாக யார் இருப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்" என்றார்.

பிள்ளையைக் கொண்டு வந்தார்கள். ஆஸ்பத்திரிகளில் முதலுதவி பழக்குகிற றப்பர்ப் பொம்மை, மண்ணிறம். எவரும் அதைப் பொம்மை என்று சொல்வதில்லை. பயிற்சியின் கண்ணியம் கெடாமலிருக்க 'பிள்ளை' என்றே சொல்ல வேண்டும் என்பது விதி. ஹெல்லே அதைக் காலில் பிடித்துத் தூக்கி யசிந்தாவிடம் நீட்டினார். பாரம் சரியாக இருந்தது, யாரோ அக்கறையாக நிறுத்துச் செய்திருக்கிறார்கள். பிள்ளையின் தலை பின்னால் சரிந்தது. யசிந்தாவின் இடக்கை அவளைக் கேளாமலே போய் அதன் பிடரியைத் தாங்கிக்கொண்டது.

அவள் குடிசைக்குள், இளஞ்சூடான களிமண் தரையில் இருந்தாள். ஒன்பது பேரும் ஒவ்வொருவராக வந்து உள்ளங்கை காட்டி, நாற்பது எண்ணி, துண்டுப்பிரசுரம் வைத்துவிட்டுப் போனார்கள். அவள் அழவில்லை. ஒருமுறை தலையைத் தூக்கி யன்னல் எங்கே என்று தேடினாள். யன்னல் சுவரில் வரையப்பட்டிருந்தது.

"நிறுத்துங்கள்" என்றார் ஹெல்லே. "யசிந்தா, இந்தப் பிள்ளை இறந்துவிட்டது."

"ஓம். தெரியும்."

"ஆனால் நீங்கள் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் போல இருக்கிறீர்கள்."

மற்றவர்கள் தங்கள் கருத்தை மஞ்சள் ஒட்டுத்தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினார்கள். 'தாயின் துயரம் எனக்குள் இறங்கவில்லை' என்றது ஒன்று. 'கையாள எதுவும் இருக்கவில்லை' என்றது இன்னொன்று. துக்கத்தின் நம்பகத்தன்மைக்கு யசிந்தாவுக்கு ஐந்தில் இரண்டு புள்ளி கிடைத்தது. இரண்டும் பிள்ளையைப் பிடித்த விதத்துக்கு.

அவள் அழாததற்குக் காரணம் இருந்தது. ஞானஸ்நானம் பெற்ற பச்சைப்பிள்ளை செத்தால் அது நேரே சம்மனசு, சிறகு முளைத்த தேவதூதன், என்பது அவளுடைய சனத்தின் நம்பிக்கை. மடுவில் அன்றைக்குத் துக்கமணி அடிக்கவில்லை. பெருநாளுக்கு அடிப்பதுபோலக் கிண்கிணியென்று அடித்தார்கள். மாமி, பேனாட்டின் தாய், யசிந்தாவின் வாயைப் பொத்தினாள். "அழாத பிள்ளை, அழாத. தாய் தேப்பன் அழுதால் சம்மனசின்ர செட்டை நனைஞ்சுபோம். பிறகு அதால மோட்சத்துக்குப் பறக்கேலாது." அன்றைக்கு விழுங்கியதுதான். பிள்ளை எங்கேயாவது பாதிவழியில், நனைந்த செட்டையோடு மரக்கொப்பில் குந்திக்கொண்டு நிற்குமோ என்ற பயத்தில் அவள் அதற்குப் பிறகு அந்தப் பிள்ளைக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதில்லை. வெங்காயம் வெட்டும்போதுகூட மனதில் வேறு ஏதாவது நினைத்துக்கொள்வாள்.

இதையெல்லாம் ஹெல்லேக்கு எப்படிச் சொல்வது? அவள் சொல்லவில்லை. ஹெல்லே அவளை அலுவலகத்துக்கு அழைத்து, கணினியில் ஒரு படம் போட்டுக் காட்டினார். எங்கேயோ ஒரு நாட்டில் பெண்கள் மண்ணில் விழுந்து அழுதார்கள்.

"பாருங்கள், அடிவயிற்றிலிருந்து வருகிறது. கைகளை எப்படி வீசுகிறார்கள் என்று கவனியுங்கள். இதுதான் உண்மையான துக்கம். இறுதித் தேர்வைப் பார்க்க நிதி தருவோர் வருவார்கள். உங்களால் முடியும் யசிந்தா, உங்களுடைய பின்னணி அப்படி."

அந்தச் சனிக்கிழமை யசிந்தா வீட்டுக்கு வந்து பேனாட்டுக்குச் சோறு போட்டாள். போட்டுவிட்டுச் சொன்னாள்.

"செத்த பிள்ளையை வைச்சிருக்கிற தாயா என்னை நடிக்கச் சொன்னவை. எனக்கு வரேல்லையாம். ஐஞ்சுக்கு ரெண்டு."

பேனாட் கையை உதறினார். எழும்பினார். "முன்சில்லு ஒண்டு காத்துப் போற மாதிரிக் கிடக்கு" என்று சொல்லிவிட்டுக் கராஜுக்குப் போனார். சோறு ஆறிப் போயிற்று. செத்த பிள்ளையைப் பற்றிச் சொன்னாலும் இந்த மனிசனுக்குச் சில்லுத்தான் பெரிது என்று யசிந்தாவுக்கு ஆத்திரம் வந்தது. எந்தக் கல்லைக் கட்டிக்கொண்டு இத்தனை காலம் மாரடித்தோம் என்று நினைத்தாள்.

இறுதித் தேர்வு நாளன்று கிராமம் கழுவித் துடைக்கப்பட்டிருந்தது. நிதி தருவோர் குடிசைக்கு எதிரே நாற்காலிகளில் இருந்தார்கள். புகை யந்திரம் புகை விட்டது. யசிந்தா பிள்ளையோடு உள்ளே இருந்தாள். இன்றைக்குக் கையை வீச வேண்டும், அடிவயிற்றிலிருந்து கத்த வேண்டும். கண்ணீர் வராமல் சத்தம் மட்டும் போடலாம், அதற்குச் செட்டை நனையாது என்று காரிலேயே கணக்குப் போட்டு வைத்திருந்தாள். தேறினால் அடுத்த மாதம் பயணம்.

நிதி தருவோர் முன்னால் யார் செய்து காட்டுவது என்று சீட்டுக் குலுக்கியதில் பிரேயாவின் பெயர் விழுந்தது. வகுப்பின் கெட்டிக்காரி என்பதால் டோர்பென் நிம்மதியாகச் சாய்ந்து அமர்ந்தார். பிரேயா வாசலில் நின்றாள். உள்ளங்கைகளைக் காட்டினாள். பெயர், நிறுவனம், நிதி தருவோர் எல்லாம் தடையின்றி வந்தன. எட்டாத தூரத்தில் இருந்தாள்.

"நீங்கள் கவலையாக..." என்று தொடங்கியவள் நிறுத்தினாள்.

அவள் யசிந்தாவின் இடக்கையைப் பார்த்தாள். பிள்ளையின் பிடரிக்குக் கீழே விரல்கள் விரிந்திருந்த விதத்தை, பெருவிரல் காதோரமாக மேலும் கீழும் போய்க்கொண்டிருந்ததை. அதை யாரும் பயிற்றுவிக்கவில்லை என்பது எல்லாப் பாடமும் மனப்பாடமான பிரேயாவுக்குத் தெரியும். முழந்தாளால் நகர்ந்து கிட்ட வந்தாள். எட்டும் தூரம்.

"அவனுக்கு என்ன பெயர்?" என்று கேட்டாள்.

டென்மார்க்குக்கு வந்த நாளிலிருந்து இதை ஒருவரும் கேட்டதில்லை. குடிவரவு அதிகாரி கேட்கவில்லை, வைத்தியர் கேட்கவில்லை, வயிற்றில் பெற்ற மகள்கூடக் கேட்கவில்லை.

"டானியல்" என்றாள் யசிந்தா.

அந்தப் பெயருக்குப் பின்னால் மற்றதெல்லாம் வந்தது. கையை வீசவில்லை, கத்தவில்லை. பிள்ளையின் நெற்றியில் முகத்தைப் பதித்துக்கொண்டு, மூச்சு இழுத்து இழுத்து, றப்பர் நனைந்து வழிய வழிய அழுதாள். ஒலிபெருக்கியில் சில்வண்டுகள் கத்திக்கொண்டே இருந்தன. பிரேயா நாற்பது எண்ணவில்லை. துண்டுப்பிரசுரம் அவள் முழந்தாளுக்குக் கீழே கசங்கிப் போயிற்று.

வெளியே நிதி தருவோர் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஓர் அம்மையார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுத்த வருட நிதி பற்றிப் பேசலாம் என்று டோர்பெனிடம் சொன்னார்.

முடிவுகளை அன்று பின்னேரமே அறிவித்தார்கள். பிரேயா சித்தியடையவில்லை. ஐந்தாம் படியிலேயே முறை தவறிவிட்டாள். மேலும், துயரத்தில் இருப்பவரிடம் எழுத்து மூலமான சம்மதமின்றி மூன்றாம் நபரின் பெயரைக் கேட்டது தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு முரண். அவள் அந்தப் பாடத்தைத் திரும்பப் படிக்க வேண்டும். மற்ற எட்டுப் பேருக்கும் பயணச்சீட்டு உறுதியாயிற்று. யசிந்தாவுக்குத் துக்கத்தின் நம்பகத்தன்மையில் ஐந்துக்கு ஐந்து. நிறுவனத்தின் வரலாற்றில் முதல் தடவை.

டோர்பென் அவளைத் தனியே அழைத்துக் கோப்பி ஊற்றினார்.

"யசிந்தா, இன்று நடந்தது உண்மையா? உங்களுக்கு அப்படி ஒரு பிள்ளை..."

"ஓம்."

டோர்பென் அவளுடைய கையைப் பற்றினார். அவருடைய கண்கள் உண்மையாகவே கலங்கியிருந்தன. அதுதான் அவரிடம் உள்ள பயங்கரம்.

"நீங்கள் சொன்னதற்கு நன்றி. இப்போது நான் பொறுப்போடு நடந்துகொள்ள வேண்டும். உங்களிடம் ஆறாத துயரம் இருக்கிறது. அதோடு உங்களைப் பிள்ளைகள் சாகிற இடத்துக்கு அனுப்ப எங்கள் நெறிமுறை இடம் தராது. காப்புறுதியும் தராது. அது உங்களுக்கும் நல்லதல்ல, அங்குள்ள தாய்மாருக்கும் நல்லதல்ல."

யசிந்தா கோப்பிக் கோப்பையைக் கீழே வைத்தாள். அவளுடைய டெனிஷ் நல்ல டெனிஷ்தான். இருந்தாலும் சரியாகத்தான் விளங்கினதோ என்று ஒருமுறை கேட்டுப் பார்த்தாள்.

"அப்படியானால், பிள்ளை செத்த ஒருத்திக்குப் பக்கத்தில் போய் இருக்க, பிள்ளை சாகாதவர்கள்தான் தகுதியானவர்களா?"

"மிகத் தெளிவாகச் சொன்னீர்கள்" என்றார் டோர்பென். "ஆனால் நாங்கள் உங்களை இழக்கப் போவதில்லை. இங்கே தாய் என்ற பதவியை நிரந்தரமாக்குகிறோம். வருடத்துக்கு நான்கு பயிற்சி அணிகள், விடுமுறைப் பணத்தோடு. உங்கள் துக்கத்துக்கு இங்கே ஓர் இடம் இருக்கிறது, யசிந்தா. இன்று அழுததுபோல அழுதால் போதும்."

"ஒவ்வொரு முறையும்?"

"தேர்வு நாட்களில் மட்டும்."

அவள் கோப்பிக்கு நன்றி சொன்னாள். வாய்ப்பழக்கம்.

பேனாட் காரோடு வாசலில் நின்றார். யசிந்தா ஏறினாள், மடியில் அவளுடைய சால்வை மூட்டையாக இருந்தது. கார் புறப்பட்டது. காற்றாலைகள் சுற்றுகிற வெளிக்கு வந்தபோது அவளுடைய தொலைபேசி மணியடித்தது. ஹெல்லே. "அன்பான யசிந்தா, பிள்ளையைக் காணவில்லை. உங்களோடு வந்துவிட்டதா? திங்கட்கிழமை புதிய அணி வருகிறது."

யசிந்தா மடியைப் பார்த்தாள். சால்வைக்குள் அது இருந்தது. தான் அதைச் சுற்றியதும் தெரியாது, தூக்கிவந்ததும் தெரியாது.

"இஞ்சருங்கோ, திருப்புங்கோ. அவையின்ர சாமான் ஒண்டு வந்திட்டுது."

பேனாட் சால்வையைப் பார்த்தார். அதிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த சின்னக் காலைப் பார்த்தார். காரைத் திருப்பினார்.

ஹெல்லே படலையிலேயே நின்றார். பிள்ளையை வாங்கி, கழுத்து இறுக்கமாக இருக்கிறதா என்று திருகிப் பார்த்தார். "இதை வெளியே கொண்டுபோகக் கூடாது யசிந்தா, இதற்குக் காப்புறுதி வளாகத்துக்குள் மட்டும்தான்" என்றார். கோபமாக அல்ல, சிரித்துக்கொண்டுதான். பிறகு அதைப் பாண் ரொட்டி கொண்டுபோவது போல, தலைகீழாகக் கமக்கட்டுக்குள் இடுக்கிக்கொண்டு நடந்தார். தலையைப் பிடியுங்கோ, தலையைப் பிடியுங்கோ என்று யசிந்தாவுக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. கார் நகர்ந்துவிட்டது.

மறுபடி அந்த வெளி வந்தது.

"என்னை அனுப்பமாட்டினமாம்" என்றாள். பேனாட் வீதியைப் பார்த்தபடி தலையை ஆட்டினார். "நான் இண்டைக்கு அழுதிட்டன். எல்லாருக்கும் முன்னால. பேரையும் சொல்லிப்போட்டன். இவ்வளவு காலமும் ஒரு சொட்டு விடாமல் வைச்சிருந்தனான். இண்டைக்குப் பிள்ளையின்ர செட்டையை நனைச்சுப்போட்டன்."

பேனாட் சிக்னல் போட்டார். பின்னால் ஒரு வாகனமும் இல்லை, என்றாலும் போட்டார். காரை ஓரமாக நிறுத்தி, இயந்திரத்தை அணைத்தார். இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்தன.

"நீர் நனைக்கேல்லை" என்றார். "அது எப்பவோ நனைஞ்சுபோச்சு."

"என்ன சொல்லுறியள்?"

"நான் கராஜுக்குள்ள போய்ச் சில்லே மாத்துறன் எண்டு நினைச்சீர்?"

யசிந்தா அவரைப் பார்த்தாள். இத்தனை வருடத்தில் அந்தக் கராஜுக்குள் இருந்து சில்லுக் கழற்றும் சாவி விழுந்த சத்தம்கூடக் கேட்டதில்லை. வரும்போது முகம் கழுவிக்கொண்டுதான் வருவார். கிறீஸ் பட்டுவிட்டது என்பார். ஒருநாளும் அந்தக் கையில் கிறீஸைக் கண்டதில்லை. கழுவின முகத்தை அவள் கண்டாள், ஒவ்வொரு முறையும் கண்டாள். ஆறின சோற்றைத் திரும்பச் சூடாக்க வேண்டியிருக்கிறதே என்று முணுமுணுத்துக்கொண்டு திரும்பிவிடுவாள்.

"எனக்கு ஏலாமல் போச்சுது யசிந்தா" என்றார் பேனாட். "அம்மா சொன்னது எனக்கும் ஞாபகம். உமக்குத் தெரிஞ்சால் நீர் தாங்கமாட்டீர் எண்டுதான்..." அவருடைய தோள்கள் குலுங்கின. வாயிலிருந்து சத்தம் வரவில்லை. அது சத்தம் வராமல் பழகின அழுகை.

யசிந்தா ஆசனப்பட்டியைக் கழற்றிவிட்டு அவர் பக்கமாகத் தள்ளி இருந்தாள். பொழுது சாயும்வரை அப்படியே இருந்தார்கள். பிறகு, பிள்ளை இல்லாத அந்தச் சால்வையால் அவருடைய முகத்தைத் துடைத்தாள்.

"இஞ்சருங்கோ, இனிமேல் கராஜுக்குள்ள போகாதேங்கோ. அங்க குளிர். குசினிக்குள்ள அடுப்படியில இருந்து அழுங்கோ. நானும் இருக்கிறன்."